செவலைக்கு ஒரு கொசுவலை

தன் தலைக்கு எண்ணெய் வைக்க மறந்தாலும் செவலையைக் குளிப்பாட்ட மறக்கமாட்டாள் அம்சம். குடவாசல் பக்கம் அப்படி மாடு வளர்ப்பவளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பிள்ளை இல்லாத வீட்டில் அந்தப் பசுதான் பிள்ளை. அதற்கும் பாருங்கள், எத்தனை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை.

"மலட்டு மாட்டுக்கு எதுக்குத் தீனி? தரகன் பக்கிரிய வரச் சொல்லியிருக்கேன். வெள்ளிக்கிழம ஓட்டிட்டுப் போகட்டும்" என்றான் கணவன் வைரக்கண்ணு.

பக்கிரி ஓட்டிப்போகும் மாடு எங்கே போய்ச் சேரும் என்பது ஊருக்கே தெரியும். 'மலடு' என்ற சொல்லும் அம்சத்துக்குப் புதிதில்லை. ஊர் அவளையே சொன்ன சொல்தானே!

அந்த வாரம்தான் தஞ்சாவூரிலிருந்து வானதி வந்தாள், கால்நடை ஆராய்ச்சி செய்கிற பெண். சில மாடுகள் கத்தாமலே பருவத்துக்கு வந்து போய்விடுமாம். அந்த நேரம் தப்பிப் போடுகிற ஊசி நிற்காதாம். காளை மோந்து கண்டுபிடிப்பதை அவள் கையிலிருந்த பெட்டி மோந்து சொல்லுமாம்.

படித்த பெண் வருகிறாளே என்று அம்சம் செவலையைத் தேய்த்துக் குளிப்பாட்டி, வேப்பெண்ணெய் பூசி, மஞ்சள் தடவி, கொட்டகை முழுக்கச் சாம்பிராணி போட்டு வைத்திருந்தாள். பெட்டி ஒன்றும் சொல்லாமல் முழித்தது.

"என்னக்கா இது, கோயில் மாதிரி மணக்குது! மாட்டு வாசன இதுக்கு எப்படிக் கெடைக்கும்?" என்றாள் வானதி.

"ஐயோ, நானே கெடுத்துட்டேனே!" அம்சத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்றிலிருந்து குளியலும் இல்லை, புகையும் இல்லை. செவலை சாணிக்கறையோடு நிற்பதைப் பார்க்க அவளுக்கு மானம் போயிற்று. கொசு பிடுங்குமே என்று தன் படுக்கைக் கொசுவலையை அவிழ்த்துக் கொட்டகையில் கட்டினாள்.

"மாட்டுக்கு வலை, எனக்குக் கொசுவா? நல்லாருக்குடி நியாயம்!" என்று சொறிந்துகொண்டே திட்டினான் வைரக்கண்ணு.

வெள்ளிக்கிழமை காலை வானதி வந்து பெட்டியை நீட்டினாள். பச்சை விளக்கு எரிந்தது; பருவம் வந்துவிட்டது. செவலையோ ஒன்றும் தெரியாததுபோல வைக்கோல் மென்றுகொண்டிருந்தது. வானதி போனிலேயே ஊசி போடுபவரை வரவழைத்தாள். அவர் வேலையை முடிக்கும்போது பக்கிரி கயிற்றோடு வந்து நின்றான்.

அம்சம் கொட்டகை வாசலை மறித்துக்கொண்டாள். "இந்த ஒரு தடவ பாத்துருவோங்க. நிக்கலைன்னா நானே அவுத்துக் குடுக்குறேன்."

வைரக்கண்ணு அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு பக்கிரியிடம், "நீ போய்ட்டு வாய்யா" என்றான்.

சில மாதம் கழித்து, கால்நடை டாக்டர் கையை விட்டுப் பார்த்து, "சினைதாம்மா" என்றார். அம்சம் செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

இனிப் புகைக்குத் தடையில்லை. கொசுவலையை அவிழ்த்து மறுபடி படுக்கைக்கே கட்டிவிட்டு, சாயங்காலம் அவள் சாம்பிராணிச் சட்டியைத் தூக்கினாள். வைரக்கண்ணு அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, வீட்டுக்குள் போய்க் கொசுவலையைத் தானே அவிழ்த்து வந்தான்.

"புள்ளத்தாச்சிக்குப் புகை ஆகாதுடி" என்றபடி கொட்டகையில் கட்டத் தொடங்கினான்.