கடைசிக் குடம்

இஷ்ரத் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டை ஒட்டிய டி.டி.பி. கடையில் அவள் அடிக்காத கல்யாணப் பத்திரிகை கிடையாது, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் கிடையாது. அடித்ததில் ஒரு வரியைக்கூட அவள் படித்ததும் கிடையாது. எழுத்து கண்ணில் நுழையும், விரலில் இறங்கும், அவ்வளவுதான். படித்துக்கொண்டிருந்தால் பக்கம் ஓடுமா? சம்பளமே பக்கத்துக்கு இவ்வளவு என்றுதானே!

அப்படிப்பட்டவள் ஒரு புதன்கிழமை படித்துத் தொலைத்தாள்.

அன்று பதினொரு மணிக்குப் பக்கத்துப் போர்ஷன் ராமசெல்வி போனில் அழுதாள். “அக்கா, பீவிம்மாவோட கிடா சம்ப்புக்குள்ள விழுந்து செத்துப்போச்சு. எங்க வீட்டு அவுகதான் மூடியத் திறந்தாகன்னு, சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணச் சொல்லுதாக. கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு எங்க போவேன்?”

ஐயோ, அந்தக் கிடாவா! வீட்டுக்கார அம்மாள் ரசூல் பீவி பக்ரீத்துக்கென்று எட்டு மாதமாக ஊட்டி வளர்த்தது. தரைக்குள் இருக்கும் அந்தத் தண்ணீர்த் தொட்டி நாலு குடித்தனத்துக்கும் பொது. விடிகாலையில் தண்ணீர் லாரி வந்தபோது இரும்பு மூடியைத் தூக்கி வைத்தவன் ராமசெல்வியின் புருஷன் சுயம்பு. லாரி போனதும் மூடாமல் தான் வேலை பார்க்கும் கடைக்கு ஓடிவிட்டான்.

ஒன்பது மணிக்கு இஷ்ரத்தும் இரண்டு குடம் மொண்டாள். மூடி அப்போதும் திறந்துதான் கிடந்தது. தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும் கனம். திறந்தவன் வந்து மூடட்டும் என்று வேலைக்கு வந்துவிட்டாள். போனை வைத்தபோதும் அதையேதான் நினைத்தாள். சுயம்பு பாவம்தான், ஆனாலும் அவன் செய்த வேலைதானே.

மறுபடி கையெழுத்துக் கட்டை எடுத்தாள். ரிடையர் ஆன பேராசிரியர் சாலமன் கொடுத்துப் போனது. யூதர்களின் பழைய சிவில் சட்டங்கள். ஒருத்தன் மாடு இன்னொருத்தன் பயிரை மேய்ந்தால் யார் பொறுப்பு, கண்டெடுத்த பொருளை என்ன செய்வது என்றெல்லாம் தமிழில் எழுதியிருந்தார். நாற்பதாம் பக்கத்தில் குழி வந்தது. இரண்டு பேருக்குப் பொதுவான குழி. முதலாமவன் பார்க்கிறான், மூடாமல் போகிறான். இரண்டாமவனும் பார்க்கிறான், மூடாமல் போகிறான். அப்புறம் மாடோ ஆடோ விழுந்து செத்தால் பொறுப்பு இரண்டாமவன் மேல்.

விரல் நின்றுவிட்டது. இது எந்த ஊர் நியாயம்? நிச்சயம் எழுத்துப் பிழைதான் என்று சாலமனுக்கே போன் போட்டாள்.

“சார், நாப்பதாம் பக்கத்துல தப்பு கீது. முதலாமவன்னு இல்ல வரணும்? இரண்டாமவன்னு எழுதிட்டீங்க.”

“தப்பு இல்லம்மா. கடைசியா பாத்துட்டுப் போனவன்தான். அப்படியே அடிங்க.”

யா அல்லாஹ்! எத்தனையோ நூறு வருஷத்துக்கு முன்னால் எங்கேயோ உட்கார்ந்து எழுதினவனுக்கு இவள் வீட்டுச் சம்ப்பு எப்படித் தெரிந்தது? கம்ப்யூட்டரை அணைக்கக்கூடத் தோன்றவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

வாசலில் கிடா ஈரச் சாக்குக்கு அடியில் கிடந்தது. சுயம்பு கிரைண்டரைத் தூக்கித் தெருவில் வைத்துக்கொண்டிருந்தான். ரசூல் பீவி படியில் நின்று தெருவே கேட்கும்படி அவனை ஏசிக்கொண்டிருந்தாள்.

“பீவிம்மா, அவர வுடுங்க,” என்றாள் இஷ்ரத். “ஒம்போது மணிக்கு நான் தண்ணி மொண்டேன். மூடி தொறந்து கீதுன்னு பாத்துக்கினே போய்ட்டேன். கடைசியா பாத்தவ நான். காலி பண்ணணும்னா என்னியப் பண்ணச் சொல்லுங்க.”

ரசூல் பீவியின் வாய் அப்படியே நின்றது. இஷ்ரத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு படியிலேயே தொப்பென்று உட்கார்ந்தாள்.

“நீதான் கடைசின்னு உனக்கு எவ சொன்னா?”

அவள் பார்வை ஈரச் சாக்கின் மேல் போயிற்று.

“பத்து மணிக்குக் கெடாவக் குளுப்பாட்ட நான் ஒரு பக்கெட்டு மொண்டேன்டி. தொறந்துதான் கெடந்துச்சு. கெடாவக் கயித்துலகூட கட்டல.”

தெரிந்துகொண்டேவா ரசூல் பீவி இவ்வளவு நேரமும் இந்தக் கத்து கத்தினாள்? சுயம்பு கிரைண்டரிலிருந்து கையை எடுத்தான்.

“அவன உள்ள கூப்புடு இஷ்ரத்து,” என்றாள் ரசூல் பீவி, யார் முகத்தையும் பார்க்காமல். “அவன் போய்ட்டான்னா, தப்பு எம்மேலதான்னு அப்பறம் யாராண்டயும் சொல்ல எனக்கு வாய் வராது.”