கடைமடையில் கடை வைத்தவர்

ஏங்க,

கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் இப்படித்தான் கூப்பிட்டேன். புருஷன் பேரைச் சொல்லக் கூடாது என்று என்னை வளர்த்துவிட்டார்கள். வேறு செல்லப் பேர் வைக்கவும் எனக்குத் தெரியாது. அவர் இன்டர்நெட்டில் எழுத ஆரம்பித்தபோது தனக்கு இதையே பேராக வைத்துக்கொண்டார். வலைப்பூவுக்கும் அதே பேர்தான். அதன் கீழே சின்ன எழுத்தில், ‘வீட்டில் இருந்தால் கூப்பிட, வெளியூர் போனால் ஏங்க’ என்று போட்டிருப்பார். எனக்கு அது விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. விளங்கியதும் அடுப்படிக்குப் போய்விட்டேன். அவர் முன்னால் வெட்கப்படப் பிடிக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை காலையில் குக்கர் வைத்திருந்தேன். அவர் கடைக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் சேகர் தம்பி போன் செய்தார்.

“அக்கா, அண்ணன் சேர்ல சாஞ்ச மேனிக்கு இருக்காரு. கூப்பிட்டேன், பேசல. சும்மா வெளையாடுறாருன்னு நெனச்சேன்க்கா. நீங்க கொஞ்சம் வாங்க.”

சரி தம்பி என்றேன். அடுப்பை அணைத்தேன். வாசல் வரை வந்துவிட்டு, அணைத்தேனா என்று திரும்பிப் போய்ப் பார்த்தேன். பூட்டைப் போட்டு இழுத்தும் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னபோதுகூட, குக்கரில் இருக்கும் சாதம் குழைந்திருக்கும் என்றுதான் தோன்றியது. எனக்கு அழுகை வரவில்லை. இன்னும் வரவில்லை. பார்க்க வந்தவர்கள் என் முதுகைத் தடவி, “அழுதுடு தாயி” என்றார்கள். அவர்களுக்காகவாவது அழலாம் என்று பார்த்தேன்.

அவரை எடுத்த அன்று சாயங்காலம் குவைத்திலிருந்து ஒருவர் பேசினார். அவரும் அந்தக் காலத்தில் வலைப்பூ எழுதியவராம். “மேலிடமா பேசுறது?” என்று கேட்டார். வலைப்பூவில் அவர் எனக்கு வைத்த பேர் அது. ஆமாம் என்றேன். போனிலேயே அழுதுவிட்டார். கொஞ்சம் தேறி, “நீங்க ரெண்டு வார்த்தை எழுதிக் கொடுங்கம்மா. அண்ணனோட பக்கத்துல போடணும். நாங்க எழுதினா அது எங்க அண்ணனா இருப்பாரு. நீங்கதான் எழுதணும்” என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியத்தான் இதைக் கேட்டார். பெரியத்தான் என்பது என் வீட்டுக்காரரின் அண்ணன். கூட்டுறவு சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் நாலு பேர் எழுந்து நின்று கும்பிடுகிற மனுஷர்.

“எழுதும்மா, வேணாங்கல. ஆனா அந்தக் கோணங்கித்தனத்த எல்லாம் எழுதாத. பண்பாளர், நேர்மையானவர், குடும்பத்துக்காக ஒழச்சவர்னு எழுது. செத்தவனப் பாத்து ஊரு சிரிக்கணுமா?”

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மூன்று சொல்லையும் எழுதி முடித்தால், அது தெருவில் யார் வீட்டு ஆம்பளைக்கும் பொருந்தும். என் வீட்டுக்காரர் அதில் எங்கே இருப்பார் என்று தெரியவில்லை. பெரியத்தானை மீறி எழுதலாமா என்றும் தெரியவில்லை. அன்றைக்கு எதுவும் எழுதவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் பேர் மாணிக்கம். பேராவூரணி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். எங்கள் ஊர் கடைமடை. ஆற்றில் தண்ணீர் திறந்தால் எல்லாருக்கும் போக மிச்சம்தான் எங்கள் வாய்க்காலுக்கு வரும். ‘கடைமடையில் கடை வைத்தவன் நான். தண்ணீரும் கடைசியில் வரும், வாடிக்கையாளரும் கடைசியில்தான் வருவார்’ என்பது அவர் எழுதிய முதல் வரி.

அப்போது ஊரில் பாதி வீட்டு ஆம்பளைகள் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருந்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் கடைக்கு வந்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, புருஷன் முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள். இவர் இணைப்பைப் போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே போய் வெயிலில் நின்றுகொள்வார். நின்று என்ன பிரயோசனம், அவர்கள் கத்துகிற கத்து டீக்கடை வரை கேட்கும். அதைத்தான் ஒருநாள் எழுதினார். ‘இவள் சாப்பிட்டீங்களா என்கிறாள். அவன் சாப்பிட்டேன் என்கிறான். நீ சாப்பிட்டியா என்கிறான். இவளும் சாப்பிட்டேன் என்கிறாள். இரண்டும் பொய். கடல் தாண்டிப் போகிற பொய்க்கு என் கடையில் வாடகை.’ படித்துக் காட்டியபோது நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

நான் ஆறாவதோடு நின்றவள். அவர் எழுதியதை அவரே படித்துக் காட்டினால்தான் எனக்குத் தெரியும். முதல் முதலில், “பிளாக்ல எழுதுறேன்” என்று சொன்னார்.

“பிளாக்ல டிக்கெட்டுதான் விப்பாங்க. எழுதக்கூடவா செய்வாங்க? போலீஸு புடிச்சா நான் வரமாட்டேன்” என்றேன்.

சாப்பிட்ட கையோடு கடைக்கு ஓடினார், அதை எழுதிப் போட. அன்றிலிருந்து எனக்கு ‘மேலிடம்’ என்று பேர். ‘மேலிடம் இன்று ரசத்தில் உப்பை மறந்துவிட்டது. கீழ்மட்டத் தொண்டன் வாய் திறக்கவில்லை’ என்று எழுதுவார். வெளிநாட்டிலிருந்து எல்லாம் பதில் வரும். அதற்குப் பின்னூட்டம் என்று பேராம்.

“பின்னாடி வந்து ஊட்டுறதா?” என்று கேட்டேன்.

“அதேதான். எழுதுனவன் பசியா உக்காந்திருப்பான். பின்னாடியே வந்து ஊட்டிட்டுப் போவாங்க” என்றார். அதுவும் மறுநாள் வலைப்பூவில் வந்தது.

பாஸ்வேர்டு என்கிற சொல் என் வாயில் நுழையாது. பாசவேர்டு என்பேன். அவர் திருத்தவே இல்லை. கடைக்கு வருகிறவர்களிடமும், “ஒங்க பாசவேர்டு என்ன?” என்றே கேட்க ஆரம்பித்தார். ‘மேலிடம் சொன்னதே சரி. பாசம் உள்ளவர்களிடம் மட்டும் சொல்கிற வார்த்தை அது’ என்று எழுதினார்.

கல்யாண வீட்டுப் பந்தியில் அவர் பக்கத்தில் உட்காரவே எனக்குப் பயம். சாப்பிட மாட்டார், பார்த்துக்கொண்டே இருப்பார். “அந்த மொத வரிசை பெரிய மனுஷனப் பாரு. போதும் போதும்னு எலை மேல கைய விரிக்கிறாரு. வெரலுக்கு நடுவுல பாயசம் போற அளவுக்குக் கரெக்டா எடம் விட்டிருக்காரு பாரு” என்பார் காதுக்குள். அந்தப் பெரிய மனுஷர் பெரியத்தான்தான்.

அண்ணன் தம்பிக்குள் சண்டை கிடையாது. ஆனால் பெரியத்தானுக்கு இது பிடிக்காது. நாளில் பாதி கரண்ட் இல்லாத வருஷங்களில் ஒருநாள் கடைக்கு வந்து, “வேலை வெட்டி இல்லாம உக்காந்திருக்கியே” என்று திட்டினார்.

“வேலைதாண்ணே இல்ல. வெட்டு இருக்கு, மின்வெட்டு” என்றார் இவர்.

பெரியத்தான் கொஞ்ச நாள் கடைப் பக்கமே வரவில்லை.

பிறகு எல்லார் கையிலும் போன் வந்தது. கடையில் ஜெராக்ஸ் மெஷின் வந்தது. பின்னூட்டம் போட்டவர்கள் வேறு எங்கெங்கோ போய்விட்டார்கள். இவர் மட்டும் அங்கேயே எழுதிக்கொண்டிருந்தார். “யாரு படிக்கிறா?” என்று கேட்டேன். “கடைமடைக்குத் தண்ணி வர லேட்டாகும்டி. வாய்க்கால மூடிரக் கூடாது” என்றார்.

தென்னையெல்லாம் சாய்ந்த அந்தப் புயலுக்குப் பிறகு அவர் நெடுநாள் எழுதவில்லை. எங்கள் மரங்களும் போய்விட்டன. வேரோடு கிடந்த மரத்தின் மேல் போய் உட்கார்ந்திருப்பார். கரண்ட் வந்ததும் கடையைத் திறந்து ஒரே வரி எழுதினார். ‘எங்கள் ஊரில் எல்லாம் விழுந்துவிட்டது. நிழல் மட்டும் விழவில்லை.’ அன்றைக்கு எனக்குப் படித்துக் காட்டவில்லை. நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

இப்போது வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும்.

சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டுத் திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டு முக்கில் பெரியத்தான் வண்டியை நிறுத்தச் சொன்னார். கடைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து இவருக்கு ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். மேலே ‘கண்ணீர் அஞ்சலி’ என்று பெரிய எழுத்து. நடுவில் இவர் படம், நீலச் சட்டையில். கீழே பூ அலங்காரம் போட்டு, ‘பல்லாண்டு வாழ வாழ்த்தும் பஸ் ஸ்டாண்டு வணிகர்கள்’ என்று இருந்தது.

பெரியத்தானுக்கு முகம் சிவந்துவிட்டது. “எவன்டா இத அடிச்சவன்?” என்று சத்தம் போட்டார்.

சேகர் தம்பி ஓடி வந்தார். பேனர் அடித்தவரும் பின்னாலேயே வந்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. “ஐயா, போன மாசம் இவங்களே ஒருத்தருக்குப் பொறந்த நாள் பேனர் போட்டாங்க. அவசரத்துல அதுலயே மேல எழுத்தையும் படத்தையும் மாத்தினேன். கீழ பாக்கல. இப்பவே இறக்கிடுறேன். வேற அடிச்சுத் தாறேன்யா.”

“இறக்குடா மொதல்ல!”

நான் வண்டியிலிருந்து இறங்கினேன். “வேணாம் பெரியத்தான். இருக்கட்டும்” என்றேன். அவர் எதிரில் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

“என்னம்மா சொல்ற? பஸ்ல போறவன் வர்றவன்லாம் பாத்துச் சிரிப்பான்.”

“சிரிக்கட்டும். அவரு ஆயுசு பூரா அதுக்குத்தான பாடுபட்டாரு.”

பெரியத்தான் பேனரை மறுபடி நிமிர்ந்து பார்த்தார். மேலிருந்து கீழே வரை வாய்விட்டுப் படித்தார். பல்லாண்டு வாழ என்கிற இடத்தில் அவர் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அழப்போகிறார் என்று நினைத்தேன். சிரித்துவிட்டார். சிரிப்பு நிற்கவில்லை. துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். சேகர் தம்பி பிடித்துக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்தே, “இத மட்டும் அவன் பாத்திருந்தான்னா விடுவானா?” என்றார்.

பிறகு தன் போனை எடுத்து, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று, பேனர் முழுசும் விழுகிற மாதிரி ஒரு படம் பிடித்தார். என்னிடம் நீட்டினார். “நீ எழுதும்மா. எல்லாத்தையும் எழுது. பாயசத்தையும் எழுது.”

அதனால்தான் எழுதினேன். நான் எழுதியதை எங்கள் மகள் டைப் அடித்துக் கொடுத்தாள். எழுத்துப் பிழையைத் திருத்தச் சொன்னேன், பாசவேர்டை மட்டும் அப்படியே விட்டுவிடச் சொன்னேன்.

ஏங்க, நீங்கள் யாரையும் நோகடிக்காமல் சிரித்தீர்கள். யாருக்கும் தொந்தரவு இல்லாமல் போய்விட்டீர்கள். நல்லபடியாகப் போய்ச் சேருங்கள். இங்கே நான் இருந்துகொள்கிறேன். சமைக்கிறேன், சாப்பிடுகிறேன், ருசி மட்டும் தெரியவில்லை.

பெரியத்தான் பிடித்த படத்தை இதற்கு அடியில் போட்டிருக்கிறோம். படத்துக்குக் கீழே ஒரு வரி எழுத வேண்டுமாம், எல்லாப் படத்துக்கும் நீங்கள் எழுதுவீர்களாம். மகள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு ஒன்றும் வரவில்லை.

என்ன எழுதட்டும், சொல்லுங்க?