பாலத்தில் நின்றுவிட்ட கத்திவீரர்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய ஜப்பானிய வீடியோ கேமை ஆடி முடித்தேன். தொடங்கியது பத்து வயதில். இப்போது எனக்கு முப்பத்தெட்டு. தாமதத்துக்குக் காரணம் என் சோம்பேறித்தனம் மட்டுமல்ல.

அப்போது டெல்லி மோதி பாக்கில், நர்ஸான அம்மாவுக்குக் கிடைத்த குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா அந்தக் குளிர்காலத்தில்தான் இறந்திருந்தார். ஒரு காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றவர், வாயுத் தொல்லைதான் என்று தானே முடிவு செய்து, அண்ணனிடம் இஞ்சி டீ கேட்டிருக்கிறார். அம்மா டியூட்டியில், நான் பள்ளிக்கூடத்தில். டீ கொதிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அண்ணனுக்கு அப்போது பதினைந்து வயது. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அதன்பிறகு அவன் டீ குடிப்பதையே விட்டுவிட்டதை நான் கவனிக்கவும் இல்லை.

கோடை விடுமுறையில் நாங்கள் வெயிலில் அலையாமல் இருக்க, அம்மா பாலிகா பஜாரில் ஒரு பழைய கேம் பெட்டி வாங்கி வந்தாள். கூட வந்த ஒரே கேம் முழுக்க ஜப்பானிய மொழி. தட்டித் தட்டிப் பார்த்ததில், சண்டையில் வரும் பட்டியலில் முதல் வரி அடிக்க, மூன்றாவது மருந்து கொடுக்க, கடைசி வரி ஓட என்று கண்டுபிடித்தோம். அதோடு ஜப்பானிய மொழியே வசப்பட்டுவிட்டதாக எனக்கு நினைப்பு. நைட் டியூட்டி முடித்து அம்மா பகலில் தூங்குவாள் என்பதால் டிவியில் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டே ஆடினோம். "மூச்சு விடலாம் மக்களே, அதுக்கு மேல சத்தம் கேக்கப்பிடாது" என்பது அவள் போட்ட சட்டம்.

கதையில் நான்கு பேர். பெயர்களைப் படிக்கத் தெரியாததால் நாங்களே உறவு வைத்தோம். வெள்ளை உடுப்பில் மருந்து கொடுப்பவள் அம்மா, வில்காரன் அண்ணன், குள்ள மந்திரக்காரி நான். தாடி வைத்த கத்திவீரர் அப்பா. எங்கள் அப்பாவுக்குத் தாடி கிடையாது. ஆனால் மிச்சமிருந்தவர் அவர் ஒருவர்தான்.

பாதிக் கதையில் ஒரு பாலம் வந்தது. கத்திவீரர் தனியாக நின்று எதிரிகளை மறித்தார், விழுந்தார். மற்ற மூவரும் அக்கரைக்குப் போனார்கள். அண்ணன் உடனே கேமை அணைத்து, முன்பு சேமித்த இடத்திலிருந்து மறுபடி வந்தான். மறுபடியும் விழுந்தார். மருந்தெல்லாம் அவருக்கே கொடுத்துப் பார்த்தான். புதுக் கத்தி வாங்கிக் கொடுத்தான். ஒவ்வொரு முறையும், "இன்னும் ரெண்டு லெவல் ஏத்தினா போதும்" என்றான். ஜூன் மாதம் முழுக்கப் பாலத்திலேயே போயிற்று. அக்கரையில் ஒரு பனிமலை தெரிந்தது. டெல்லி வெயிலில் எனக்கு வேண்டியதெல்லாம் அந்த மலைதான்.

ஒரு மதியம் பொறுமை போய்க் கத்திவிட்டேன். "அண்ணா, உனக்கு ஒண்ணும் தெரியலை. உன்னாலதான் அப்பா செத்துட்டாரு."

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. அம்மா கதவருகே வந்து நின்றாள். சத்தம் போட்டதற்காக அன்று அவள் திட்டவில்லை. அண்ணன் வயர்களைச் சுருட்டிப் பெட்டியில் வைத்துப் பரணில் ஏற்றினான். பிறகு யாரும் அதை இறக்கவில்லை.

போன ஞாயிறு ஆடியது ஆங்கில மொழிபெயர்ப்பு. கத்திவீரர் எப்படி ஆடினாலும் அந்தப் பாலத்தில் இறந்துதான் ஆக வேண்டும், கதையே அப்படி. எங்கள் ஆட்டத்தில் தப்பே இருந்ததில்லை. படிக்கத் தெரியாததால் எங்கள் தப்பு என்று நினைத்திருக்கிறோம். அந்த இடத்தில் மெல்லிய இசை ஒன்று வருகிறது. அதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். மேலே ஆட முடியாமல் உட்கார்ந்து அழுதேன்.

முடித்ததும், டெல்லியிலேயே துவாரகாவில் இருக்கும் அண்ணனுக்குப் போன் செய்து சொன்னேன். "அச்சா" என்றான். பிறகு கேட்டான்,

"மருந்து எல்லாம் கொடுத்தாலுமா?"

"எல்லாம் கொடுத்தாலும்தான் அண்ணா."

அதையே இன்னொரு முறை கேட்டான். நானும் இன்னொரு முறை சொன்னேன்.

அன்று நான் கத்தியது ஒரு கேமைப் பற்றித்தான். அண்ணன் பெட்டியைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, கீழே நின்று நானும் அழுதேன், பனிமலையைப் பார்க்க முடியாமல் போயிற்றே என்று.