உங்களில் மெதுவாக நடப்பது யார்?

அமெரிக்காவின் தெற்கே இருக்கிற எங்கள் சவானா ஊருக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே தப்பைத்தான் செய்வார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து இறங்குவார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிளம்ப வேண்டும். அதற்குள் ஊரில் மரமும் பெஞ்சுமாக இருக்கிற அத்தனை சதுக்கத்தையும், ஆற்றங்கரையையும், பெரிய பூங்காவையும் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பார்த்துவிட வேண்டும். சனிக்கிழமை இருட்டுவதற்குள் புருஷன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பான், பெண்டாட்டி கொப்புளித்த காலை வெந்நீரில் வைத்துக்கொண்டிருப்பாள். ஜோன்ஸ் தெருவில் நாங்கள் வேலை பார்த்த விடுதியில் மட்டும் இது நடக்காது. எர்னஸ்டின் மங்கின் விடமாட்டாள்.

என் பெயர் வெர்னெல். அந்த விடுதியில் நான் சமையல். எர்னஸ்டினுக்கு வாசலை ஒட்டிய முன்னறை. அறை கேட்டுத் தொலைபேசியில் கூப்பிடுகிறவர்களிடம் பேசுவதும், வந்தவர்களுக்கு இரண்டு நாளை வகுத்துக் கொடுப்பதும் அவள் வேலை. எதையும் எழுதித் தரமாட்டாள். வாயால்தான் சொல்வாள். "எழுதிக் குடுத்தா பேப்பரைப் பாத்துக்கிட்டே நடப்பாங்க, ஊரப் பாக்க மாட்டாங்க" என்பாள். மார்ச் நடுவில் வருகிறேன் என்று யாராவது சொன்னால் உடனே தடுத்துவிடுவாள். அந்த வாரம் ஐரிஷ்காரர்களின் திருநாள் என்று ஊரே பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு ஊர்வலம் பார்க்கத் தெருவில் நிற்கும், தெருவைக் கடக்கவே அரை நாள் ஆகும்.

மற்றவர்கள் உனக்கு என்ன பிடிக்கும், எவ்வளவு செலவு செய்வாய் என்று கேட்பார்கள். அவள் கேட்பது ஒன்றே ஒன்று.

"உங்கள்ல மெதுவா நடக்கிறது யாரு?"

ஒரு முறை சிகாகோவிலிருந்து ஒருத்தர் குடும்பத்தோடு வந்தார். மாரத்தான் ஓடுகிறவராம். இந்தக் கேள்வியைக் கேட்டதும் சிரித்துக்கொண்டே மாமியாரைக் காட்டினார். அந்த அம்மாள் கைத்தடியோடு ஒரு ஓரமாக நின்றிருந்தார்.

"அப்படின்னா இந்த ரெண்டு நாளும் அவங்களோடது தம்பி. நீங்க கூட வர்ற ஆளு" என்றாள் எர்னஸ்டின்.

அவள் கணக்கு அதுதான். மெதுவாக நடக்கிறவரை வைத்து வழி போட்டால் எல்லாரும் ஒன்றாக வீடு திரும்புவார்கள், வேகமாக நடக்கிறவனை வைத்துப் போட்டால் ஆளுக்கொரு பக்கம் திரும்புவார்கள். எந்தப் பக்கம் ஓக் மர நிழல், எந்தப் பெஞ்சில் காற்று வரும், எல்லாம் பார்த்துச் சொல்வாள். ஆற்றுக்கு இறங்கும் கல் படிக்கட்டு முழங்காலுக்கு எமன் என்று சொல்லி, சுற்றுப்பாதை காட்டி அனுப்புவாள். "களைப்பு வர்றதுக்கு ஒரு சதுக்கம் முன்னாடியே உக்காந்துடுங்க கண்ணுங்களா" என்பது கடைசியாகச் சொல்வது. வந்தவர்கள் ஊருக்குப் போய் இனிப்பு அனுப்புவார்கள், பிள்ளைகளின் கல்யாணப் படம் அனுப்புவார்கள்.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். வளரும்தான், யார் இல்லை என்றது? சின்சினாட்டியில் போய் வளரும்.

எர்னஸ்டினுக்கு ஒரே மகள், லோரீன். புருஷன் சீக்கிரமே போய்விட்டான். ஊருக்கெல்லாம் விடுமுறை வரும் சனியும் ஞாயிறும்தான் விடுதியில் எங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. அந்தப் பெண் பள்ளிக்கூட வாத்தியக் குழுவில் குழல் வாசித்தாள். வாசிப்பதெல்லாம் சனிக்கிழமைதான். ஒரு தடவைகூட அம்மா போய்ப் பார்த்ததில்லை. "இன்னிக்கு ஆள் குறைவு கண்ணு, வேலை இருக்கு" என்ற வார்த்தையை அந்தக் குழந்தை எத்தனை தடவை கேட்டிருக்கும், எனக்குத் தெரியாது. வளர்ந்ததும் வடக்கே சின்சினாட்டிக்குப் போனாள். அங்கேயே வேலை, கல்யாணம். கிறிஸ்துமஸுக்கு ஒரு அழைப்பு வரும், அன்னையர் தினத்துக்குப் பூ வரும். பூவோடு வந்த அட்டையைப் பார்த்து எர்னஸ்டின், "பாரு, கடைக்காரன் கையெழுத்து எவ்வளவு அழகா இருக்கு" என்பாள்.

போன குளிர்காலத்தில் எர்னஸ்டினுக்கு இதயம் பலவீனமாகிவிட்டது. கால் வீங்கியது. முன்னறையிலிருந்து சமையலறைக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மருத்துவர் என்ன சொன்னார் என்று என்னிடம் மட்டும் சொன்னாள். நல்லதாக ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சமயம் பார்த்துத்தான் லோரீனிடமிருந்து அழைப்பு வந்தது. நான் பட்டாணி உரித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். எர்னஸ்டின் பேசி முடித்துவிட்டுச் சிறு பெண்ணாட்டம் சிரித்தாள்.

"ஏப்ரல்ல வர்றாளாம்டி, அவளும் கர்ட்டிஸும். என்ன சொன்னா தெரியுமா? 'அம்மா, ஊர்ல எல்லாருக்கும் ஒரு வாரக்கடைசி போட்டுக் குடுத்த. எனக்கும் ஒண்ணு போட்டுக் குடு. உன்னோட சேந்து நடக்கணும்'னா."

"நல்லதாப் போச்சு. உடம்பு விஷயத்தையும் இப்பவே சொல்லிடு" என்றேன்.

"மாட்டேன்."

"ஏன், வாயில என்ன கொழுக்கட்டையா?"

"சொன்னா என்ன ஆகும்? நாளைக்கே ஓடி வருவா. ஆஸ்பத்திரி, மாத்திரைன்னு அந்த ரெண்டு நாளும் என்னோடதாயிடும். அவ கேட்டது அவளோட வாரக்கடைசி, வெர்னெல். பரிதாபப்பட்டு வர வேண்டாம். ஆசைப்பட்டு வரட்டும். நடந்து முடிச்சதும் கடைசி பெஞ்சுல உக்காந்து நானே சொல்றேன்."

அதற்கு மேல் அவளிடம் பேசுவது சுவரில் முட்டிக்கொள்வதுதான்.

பிறகு ஒரு நாள் மகளைக் கூப்பிட்டு, வழக்கமான கேள்வியைக் கேட்டாள். உங்களில் மெதுவாக நடப்பது யார்? லோரீன் அந்தப் பக்கம் சிரித்திருக்கிறாள். "யாரும் இல்லம்மா, எங்க ரெண்டு பேருக்கும் நல்ல கால்" என்றாளாம். எர்னஸ்டின் போனை வைத்துவிட்டுத் தன் வீங்கிய காலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அதன் பிறகு வழி போட ஆரம்பித்தாள். யாருக்கும் அப்படி மண்டையை உடைத்துக்கொண்டதில்லை. சனிக்கிழமை விடுதியிலிருந்து மாடிசன் சதுக்கம், அங்கே பெஞ்சு. அங்கிருந்து சிப்பேவா சதுக்கம், மறுபடி பெஞ்சு. ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து மான்ட்ரே சதுக்கம். அவ்வளவுதான். இளவட்டங்கள் காலைக் காபி ஆறுவதற்குள் நடந்துவிடுகிற தூரம். அந்தத் தூரத்தை அவள் விடிகாலையில் தனியாக நடந்து நடந்து பழகினாள். ஒரு நாள் மாடிசன் வரை போவாள், ஒரு நாள் பாதியில் திரும்பி வருவாள்.

சனிக்கிழமை நடையில் சிப்பேவாவைக் கடைசியாக வைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, அவள் அம்மா வெள்ளைக்காரர் வீட்டுத் துணிமூட்டையோடு அங்கே ஒரு பெஞ்சில் இளைப்பாற உட்கார்ந்தாளாம். கறுப்பர்கள் இங்கே உட்காரக் கூடாது என்று ஒருத்தன் வந்து எழுப்பி விரட்டிவிட்டானாம். அதன் பிறகு அந்த அம்மாள் சாகும்வரை எந்தச் சதுக்கத்திலும் உட்காரவில்லை. "அங்கதான் என் பொண்ணோட உக்காரணும். எழுந்திருன்னு யாரும் சொல்லாம ரொம்ப நேரம் உக்காரணும்" என்றாள். அந்தப் பெஞ்சில் தின்பதற்கு என்னைச் சூயி கேக் சுடச் சொன்னாள். பழுப்புச் சர்க்கரையும் பெக்கான் பருப்பும் போட்டு, பல்லில் ஒட்டுகிற பதத்தில். லோரீனுக்கு அது உயிர்.

வெள்ளிக்கிழமை வந்தார்கள். லோரீன் அம்மாவின் சாடைதான், அதே நெற்றி, அதே பிடிவாதம். கர்ட்டிஸ் நல்ல பையன், நான் தக்காளி போட்டுக் கிளறிய சிவப்புச் சோற்றை மூன்று தட்டு தின்றான். சாப்பிட்ட பிறகு எர்னஸ்டின் தொண்டையைச் செருமிக்கொண்டு இரண்டு நாள் திட்டத்தைச் சொன்னாள்.

"அவ்வளவுதானா?" என்றாள் லோரீன்.

"அவ்வளவுதான் கண்ணு."

"மூணு சதுக்கம். ரெண்டு நாளைக்கு."

"அத்தை எங்கள நோயாளின்னு நெனச்சுட்டாங்க போல" என்று கர்ட்டிஸ் விளையாட்டாகச் சொன்னான்.

"இல்ல கர்ட்டிஸ், காசு குடுக்கிறவங்களுக்குத்தான் ஆறு, பூங்கா எல்லாம். நாம சும்மா வந்தவங்கதான? மிச்சம் மீதிதான் கெடைக்கும்" என்றாள் லோரீன். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சிரிப்பில் ஊசி இருந்தது.

எர்னஸ்டின் என்னைப் பார்த்தாள், வாயைத் திறக்காதே என்கிற பார்வை. நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். கோபத்தில் ஒன்றை உடைத்தும் வைத்தேன்.

சனிக்கிழமை காலை எர்னஸ்டின் மஞ்சள் உடையும், தேவாலயத்துக்குப் போடும் தொப்பியும் போட்டுக்கொண்டு வந்தாள். அத்தனை வருஷத்தில் அவள் சனிக்கிழமை விடுப்பு எடுத்தது அன்றைக்குத்தான். புதுச் செருப்பு வீக்கத்துக்கு ஏறவில்லை, பழையதில் நுழைத்திருந்தாள். சமையலறைக் கதவைப் பிடித்தபடி நின்றாள். உதடு சாம்பல் நிறத்தில் இருந்தது. மூச்சை இழுத்தால் பாதியில் நின்றது.

"வெர்னெல், என்னால முடியாது" என்றாள்.

"போய் அதை அவகிட்ட சொல்லு. இப்பவாவது சொல்லு. காலைப் புடிச்சுக் கேக்குறேன்."

அவள் தலையை ஆட்டினாள். தொப்பியைக் கழற்றி என் மாவுப் பலகைமேல் வைத்தாள். சமையல் ஏப்ரன் ஒன்றை எடுத்து மஞ்சள் உடைமேல் கட்டிக்கொண்டாள். வாசலுக்குப் போய், நாற்காலியின் முதுகைப் பிடித்து நிமிர்ந்து நின்றுகொண்டு சொன்னாள்.

"இன்னிக்கு ஆள் குறைவு கண்ணு. வேலை இருக்கு. நீங்க போயிட்டு வாங்க."

உலகத்தில் எத்தனையோ பொய் இருக்க, அந்தப் பொய்தானா கிடைத்தது அவளுக்கு? இன்றைக்கும் நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. லோரீன் அம்மாவின் ஏப்ரனைப் பார்த்தாள். பத்து வயதுப் பெண்ணின் முகம் அவளுக்கு வந்துபோனது.

"எப்பவும் போலத்தான்" என்றாள். "வா கர்ட்டிஸ்."

அன்றைக்கு அவர்கள் ஊர் முழுவதும் நடந்தார்கள். ஆறு, பூங்கா, எல்லாம். ஞாயிற்றுக்கிழமை நான் காலைப் பலகாரம் எடுத்து வைப்பதற்குள் கிளம்பிவிட்டார்கள். கேக் பொட்டலம் பிரிக்காமல் அப்படியே கிடந்தது. எர்னஸ்டின் அதைத் தின்னவும் இல்லை, என்னை எறியவும் விடவில்லை.

ஆகஸ்டில், புழுக்கம் ஆளைக் கொல்லும் ஒரு மத்தியானம், அவள் தூக்கத்திலேயே போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து தேவாலயக் கூடத்தில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். லோரீன் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நான் அவகிட்ட ஒரே ஒரு சனிக்கிழமை கேட்டேன், மிஸ் வெர்னெல்" என்றாள். "ஒண்ணே ஒண்ணு. உங்களுக்குத்தான் தெரியுமே."

"தெரியும். அதை அவ ரெண்டு மாசமாப் போட்டா, அதுவும் தெரியும்."

"மூணு சதுக்கம் போட ரெண்டு மாசமா?"

எனக்குப் பொறுக்கவில்லை. "உங்கம்மா போன்ல உன்கிட்ட ஒரு கேள்வி கேட்டாளே, ஞாபகம் இருக்கா?"

"யாரு மெதுவா நடப்பாங்கன்னு கேட்டா. யாரும் இல்லன்னேன்."

"நீ யாரும் இல்லன்னு சொன்னதுக்கப்புறம்தான் அந்த வழியப் போட்டா. மெதுவா நடக்கிறவங்கள வச்சுத்தான் அவ வழி போடுவா, அது உனக்குத் தெரியும். உனக்கும் நல்ல கால், உன் புருஷனுக்கும் நல்ல கால். அப்ப அந்த மூணு சதுக்கம் யாருக்குடி கண்ணு?"

லோரீன் என்னைப் பார்த்தாள். பிறகு கூடத்தின் மூலையில் சாத்தி வைத்திருந்த அம்மாவின் படத்தைப் பார்த்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், மருத்துவர் சொன்னது, விடிகாலை நடை, மஞ்சள் உடை, கதவைப் பிடித்து நின்றது, எல்லாம். அவள் சத்தம் போட்டு அழவில்லை. மேசை விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலை சமையலறைக் கதவைத் தட்டினாள். "அந்த வழியில என்னக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்றாள்.

எனக்கு முழங்கால் போய் ரொம்ப நாளாயிற்று. இரண்டு பேரும் மெதுவாகத்தான் போனோம். மாடிசனில் உட்கார்ந்தோம். வழி முழுக்க லோரீன் என் காலையே பார்த்து, என் அடிக்குத் தன் அடியை வைத்துக்கொண்டு வந்தாள். சிப்பேவாவில் நிழல் விழும் அந்தப் பெஞ்சு காலியாக இருந்தது. அவளுடைய பாட்டியை அங்கே எழுப்பி விரட்டிய கதையைச் சொன்னேன். முந்தின ராத்திரி தூக்கம் வராமல் சுட்ட கேக்கைப் பிரித்துக் கொடுத்தேன். ஒரு துண்டைத் தின்றாள், இன்னொன்றைக் காகிதத்தோடு தனக்கும் பெஞ்சின் ஓரத்துக்கும் நடுவில் வைத்தாள்.

வெயில் ஏறியது. அவளுக்கு மத்தியானம் விமானம். ரொம்ப நேரம் ஆகிவிட்டது என்று தோன்றியது எனக்கு.

"கெளம்பலாமா கண்ணு?" என்றேன்.

"இருங்க மிஸ் வெர்னெல்" என்றாள் லோரீன். "அம்மாவுக்கு இன்னும் இளைப்பு ஆறியிருக்காது."

நாங்கள் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம்.