ராகினி அக்கா வெட்டித் தந்த இலக்கங்கள்

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு எங்கள் ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்கின் கதவைத் திறந்துகொண்டிருந்தபோது எங்களிடம் சிகிச்சைக்கு வரும் தர்சா எனக்குப் போன் எடுத்தாள். "அண்ணை, ராகினி அக்கா செத்துப்போனா," என்றாள். மானிப்பாயில் அக்கா வாடகைக்கு இருந்த அறையில், விடியும்போது மூச்சு அடங்கியிருக்கிறது. நெஞ்சில் நீர் கட்டியிருந்ததாம். ஒரு கிழமை முந்தி ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று பிறகு டொக்டர் சொன்னார்.

ராகினி அக்கா ஒரு திருநங்கை. சட்டை தைத்துப் பிழைத்தவர். பிறப்புக்கு மாறாகப் பெண்ணாகவோ ஆணாகவோ வாழ விரும்பியதற்காக வீட்டில் அடிவாங்கி, எங்கே போவதென்று தெரியாமல் நின்ற இளம் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு செவ்வாய்க்கிழமைகளில் எங்களிடம் வருவார். எங்கள் கிளினிக்கின் யன்னலோர வாங்கில் அவருடன் குந்தியிருந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நான் அங்கே தாதி உத்தியோகத்தன். என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

அந்த நாட்களில் நோயாளிகளின் கொப்பிகளை மேசையில் அடுக்கிவைத்து, பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவேன். என் குரல் வெளிவாசல் வரை கேட்கும். அதில் எனக்கு ஒரு கர்வமும் இருந்தது. ஒருநாள் ஒரு கொப்பியில் இருந்த ஆண் பெயரை மூன்று தடவை கூப்பிட்டேன். ஒருவரும் எழும்பவில்லை. மூன்றாம் தடவை எரிச்சலோடு கத்தினேன். வாங்கில் பாவாடை சட்டையோடு இருந்த ஒரு பிள்ளை குனிந்த தலை நிமிராமல் அழுதது. பக்கத்தில் இருந்த அக்கா எழும்பி மேசைக்கு வந்தார்.

"தம்பி, பேரைக் கூப்பிடாமல் நம்பரைக் கூப்பிடுமன்."

இதுதான் இங்கே நடைமுறை என்றேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"கத்தச் சொல்லியும் அதிலை எழுதிக் கிடக்கோ?"

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அடுத்த கிழமை அவர் பிஸ்கற் பெட்டி மட்டையைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒன்றிலிருந்து நாற்பது வரை சிவப்புப் பேனையால் எழுதிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தார். வேண்டாவெறுப்பாகத்தான் கொடுக்கத் தொடங்கினேன். மனநலக் கிளினிக்குக்கு வருவதை ஊருக்கு மறைத்து, முக்காடு போட்டுக்கொண்டு வந்த தாய்மார்தான் முதலில் எனக்கு நன்றி சொன்னார்கள். அன்றிலிருந்து ஆறு வருடமாக அங்கே யாருடைய பெயரும் கூப்பிடப்படவில்லை.

தர்சாவை அவர் கூட்டிக்கொண்டு வந்தது போன வருடம். தொண்டைமானாற்றுப் பக்கம், தகப்பன் கடற்றொழில். பத்தொன்பது வயது. யாரோ சொன்னதைக் கேட்டு, உடம்பு பெண்ணாக மாறும் என்று குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசையை மூன்று நான்காக விழுங்கி, ஒரு கால் வீங்கிப்போய் வந்தாள். இரத்தம் உறைந்திருந்தால் ஆளே தப்பாது. டொக்டர் ஏசத் தொடங்கினார். அக்கா குறுக்கே பேசினார்.

"ஏசினா உந்தப் பிள்ளை இனி வராது டொக்டர். வராட்டி திரும்பவும் கடைக் குளிசைதான்."

டொக்டர் பேனையை எடுத்து இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். பிறகு ஹோர்மோன் சிகிச்சைக்கு உரிய இடத்துக்கு அனுப்பி, மாதம் ஒருமுறை எங்களிடமும் வரச்சொன்னார். கையில் பிளேட்டால் கீறிக்கொண்ட தழும்புகளை அவள் சட்டைக் கையை இழுத்து மறைப்பாள். அக்கா அதைப் பற்றிக் கேட்டதில்லை. சாப்பிட்டாயா, நித்திரை கொண்டாயா என்ற இரண்டையும்தான் ஒவ்வொரு கிழமையும் கேட்பார். அந்தப் பதிலிலேயே மற்றதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும்.

இனிச் சொல்லக் கூசுகிற விஷயம். இரண்டு வருடத்துக்கு முன்னர் அக்காவுக்குக் காய்ச்சலும் இளைப்பும் வந்து, வார்ட்டில் சேர்த்து மறிக்க வேண்டியதாயிற்று. அனுமதிப் படிவத்தை நிரப்பியவன் நான். அடையாள அட்டையைப் பார்த்து, அதிலிருந்த பெயரையும் "ஆண்" என்பதையும் அப்படியே எழுதினேன். பின்னால் ஆட்கள் நின்றார்கள், அவசரம். அவரை ஆண்கள் வார்ட்டில் போட்டார்கள். மற்ற நோயாளிகளைப் பார்க்க வந்தவர்கள் எல்லாம் அவரையும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கழிப்பறைக்குப் போகப் பயந்து அவர் தண்ணீர் குடிக்காமல் கிடந்தார். மூன்றாம் நாள், தன் பொறுப்பில் போவதாகக் கையெழுத்து வைத்துவிட்டு வெளியேறினார். யாருடைய பெயரையும் கூப்பிடாத நான், எழுதும்போது அந்தப் பெயரைத்தான் எழுதினேன்.

அடுத்த செவ்வாய் வழமைபோல வந்தார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார்.

"நீர் அட்டையிலை கிடந்ததை எழுதினீர். உம்மிலை எனக்குக் கோவமில்லை. ஆனா இனி நான் இஞ்சை படுக்கமாட்டன், தம்பி."

கோபம் இல்லை என்றதை மட்டும் நான் காதில் வாங்கிக்கொண்டேன். போன மாதம் அந்த வாங்கில் இருந்து இருமிக்கொண்டிருந்தார். நெஞ்சைக் காட்டச் சொன்னேன். "பாப்பம்," என்றார். நானும் விட்டுவிட்டேன்.

செத்தவீட்டுக்குப் போனேன். எங்கள் ஊர் வழக்கப்படி ஆண்கள் சுடலைக்குப் போவார்கள், பெண்கள் வாசல் படலையோடு நின்றுவிடுவார்கள். அக்காவின் பிள்ளைகள் எந்தப் பக்கம் நிற்பதென்று தெரியாமல் ஒழுங்கையில் தத்தளித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி தள்ளி நின்று தன் பக்கத்தில் தர்சாவுக்கு இடம் விட்டாள். பாடை போன பிறகு நான் தர்சாவிடம், இரத்தப் பரிசோதனை நாளைத் தவறவிட வேண்டாம் என்றேன். அவள் என்னை நேரே பார்த்தாள்.

"அக்காவே படுக்கப் பயந்த ஆஸ்பத்திரிக்கு என்னை ஏனண்ணை வரச்சொல்லுறியள்?"

"அக்கா படுக்காமல் விட்டது நான் எழுதின எழுத்தாலை," என்றேன். நடந்ததை முழுக்கச் சொன்னேன். அவள் ஒழுங்கையால் நடந்து போய்விட்டாள்.

மறுநாள் தாதிகளுக்குப் பொறுப்பான மேற்றனிடம் போய், இப்படிப்பட்ட பிள்ளைகளை அனுமதித்தால் எங்கே படுக்க வைப்பீர்கள் என்று கேட்டேன். "பாப்பம்," என்றார். அந்தச் சொல்லுக்கு நான் இனி ஏமாறுவதாக இல்லை. பெண்கள் வார்ட்டுக்குப் பக்கத்தில் சும்மா கிடக்கும் சிறிய அறையைக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. தினமும் போய்க் கேட்கிறேன், என்னைக் கண்டாலே அவர் முகம் மாறுகிறது.

அடுத்த செவ்வாய் தர்சா வரவில்லை. அதற்கடுத்த செவ்வாய் பத்து மணிபோல யன்னலால் பார்த்தேன். வெளிவாசலில், மதிலோடு ஒட்டி, செருப்பைக் கழற்றுவதும் போடுவதுமாக நின்றாள். கூப்பிட்டிருந்தால் என் குரல் அங்கே கேட்டிருக்கும். நான் கூப்பிடவில்லை. மட்டைகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு வாசல் வரை நடந்து போனேன். அக்காவின் சிவப்பு எழுத்தை அவள் விரலால் தடவிப் பார்த்தாள்.

"சாப்பிட்டனியோ?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். பிறகு என்னோடு உள்ளே வந்தாள்.

அக்காவிடம் இருந்து எனக்கு மிஞ்சியவை அந்த நாற்பது மட்டைகளும் அந்தக் கேள்வியும்தான். வாசல் வரை நடந்துபோக இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அக்கா இருமிக்கொண்டிருந்த நாட்களில் மானிப்பாய்க்குப் போக அரை மணி நேரம் ஆகியிருக்கும், நான் போகவில்லை.