கப்பில் எழுதிய பேர்

லிஃப்ட்காரருக்குப் பிழைக்க வந்த அந்தத் தூர ஊரில் வாய்க்கு வேலையே இல்லை. கட்டி முடியாத கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் பகல் முழுக்க நின்று, தூக்குக்குண்டு கட்டி, இரும்புத் தண்டவாளங்களை நேராக நிறுத்துவார். மேலே நிற்கும் உதவியாளுக்கு இவர் பாஷை தெரியாது, அவன் பாஷை இவருக்கும் தெரியாது. கட்டைவிரலை உயர்த்தினால் ஏற்று, தாழ்த்தினால் இறக்கு. பொழுது அப்படியே போய்விடும். அறைக்குத் திரும்பினால், கூட இருப்பவர்கள் அடுத்த ஷிப்டுக்குக் கிளம்பியிருப்பார்கள். தலையணைகளில் தலை பதிந்த பள்ளம் மட்டும் மிச்சம் இருக்கும்.

வீட்டோடு பேசலாம் என்றால் அங்கேயும் கதவைச் சாத்தியாகிவிட்டது. மூன்று மாதத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு வந்தவர் அவர். இன்னும் ஒரு வருஷம் இருக்க முடியுமா என்று கம்பெனியில் கேட்டதும், மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தலையாட்டிவிட்டார். அது தெரிந்த நாளிலிருந்து அவள் அவரோடு பேசுவதில்லை. மகள்தான் போனை எடுப்பாள். "மாத்திரைய மறக்காம போடச் சொல்லு உங்கப்பாவ" என்று பின்னாலிருந்து குரல் வரும், அவ்வளவுதான்.

கோபம் வந்தால் பிள்ளையை நடுவில் நிறுத்திப் பேசுவது அவர்கள் வீட்டில் புதிதில்லை. ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் அது பொழுது சாய்வதற்குள் சரியாகிவிடும். காபி டம்ளரைக் கொஞ்சம் மெதுவாக வைத்தாலே பாதிக் கோபம் போய்விட்டது என்று அர்த்தம். போனில் எந்த டம்ளரை வைப்பது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சும்மா நடந்து போனவர் கண்ணில் அந்தச் சிவப்புப் பலகை பட்டது. ஊரில் மகளின் பிறந்தநாள் தோறும் குடும்பமாகப் போகிற பொரித்த கோழிக்கடைக்கு இங்கேயும் ஒரு கிளை. வீட்டில் அதற்குப் பேர் சிவப்புக் கடை. அதே நாற்காலி, அதே எண்ணெய் வாசம். ஊரில் என்ன வேண்டும் என்று சொல்வதெல்லாம் மனைவி, தட்டைத் தூக்கி வருவது மட்டும் அவர். இங்கே தனியாக நின்று, படத்தைத் தொட்டுக் காட்டினார். கல்லாவில் இருந்த பெண் ஏதோ கேட்டாள். வேறென்ன வேண்டும் என்றுதான் கேட்கிறாள் என்று நினைத்து, "போதும்" என்றார்.

"போதும்?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு அவள் குளிர்பானக் கப்பில் எழுதிக்கொண்டாள்.

மூலையில் போய் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில், "போதூம்! போதூம்!" என்று குரல் கேட்டது. யாரோ தமிழ் ஆள் வந்திருக்கிறார் என்று நெஞ்சு குதிக்கத் திரும்பிப் பார்த்தார். அப்படி யாரும் இல்லை. அந்தப் பெண்தான் அவருடைய தட்டை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் கேட்டது பேரை என்று அப்போதுதான் விளங்கியது.

இதை யாரிடமாவது சொல்லாமல் சோறு இறங்காது. மகளைக் கூப்பிட்டுச் சொன்னார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அப்ப இனிமே உங்க பேரு போதும்ப்பா."

சட்டென்று போன் கை மாறியது.

"கடைக்காரிகிட்ட வாயத் தொறந்து போதும்னு சொல்லத் தெரியுதுல்ல. அதையே அந்தக் கம்பெனிக்காரன்கிட்ட சொல்லியிருக்கலாம்ல நீங்க?"

நீங்க. நடுவில் மகள் இல்லை. இத்தனை நாளாக லிஃப்ட் குழிக்குள் நின்று அவளிடம் சொல்ல என்னென்னவோ யோசித்து வைத்திருந்தார். ஒன்றும் வரவில்லை.

"சொல்லியிருக்கணும். உன்ன கேட்டிருக்கணும்" என்றார்.

மறுபடி மகள் குரல்தான் வந்தது.

"அம்மா அடுப்படிக்குப் போயிட்டாங்க. வச்சிடவாப்பா?"

"வைக்காதம்மா. அப்படியே மேஜை மேல வச்சிட்டு நீ விளையாடப் போ."

போனைக் காதோடு ஒட்டிக்கொண்டார். மின்விசிறி சுற்றுவது கேட்டது. குக்கர் ஒரு தரம் கத்தி அடங்கியது. பிறகு காலடிச் சத்தம் மேஜைப் பக்கம் வந்து நின்றது. மனைவி துண்டிக்கப் போகிறாள் என்று நினைத்தார். நாற்காலி இழுபட்டது. ஒரு பாத்திரத்தை மெதுவாக வைக்கும் ஒலி. அப்புறம் பீன்ஸை ஒடிக்கிற சின்னச் சின்னச் சத்தம், ஒன்றன்பின் ஒன்றாக.

அவர் வாயில் இருந்ததை மெல்லாமல், ஒடிகிற ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.