ளாதும் கடைவாய்ப் பல்லும்

ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே பாலம் வராத காலம். பொந்தியானில் நம் ஆட்கள் கூடிக் கட்டிய சுராவில், அதாவது சின்னத் தொழுகைக் கூடத்தில், தொழவைத்தவர் என் கணவர். மற்ற நேரம் மளிகைக் கடை. நிம்மதியாகத்தான் இருந்தோம், மக்காவில் ஓதிவிட்டு ஓர் ஆலிம் வந்து சேரும்வரை.

அரபியில் ளாது என்றோர் எழுத்து. நாக்கின் ஓரம் மேல் கடைவாய்ப் பல்லில் பட்டுப் பிறப்பது. அதில் இருவருக்கும் சண்டையில்லை. ஓசை ளகரம்போல் வழிய வேண்டும் என்பார் இவர். தகரம்போல் கனத்து அடைக்க வேண்டும் என்பார் அவர். ஒவ்வொரு தொழுகையிலும் ஓதும் அல்ஹம்து சூராவிலேயே அந்த எழுத்து வருகிறது. அது பிழைத்தால் தொழுகையே கூடாதாம். இவர் பின்னால் தொழுதவர்கள் வீட்டுக்குப் போய்த் திரும்பத் தொழுதார்கள். சிலர் ஸலாம் சொல்வதையும் விட்டார்கள். ஓர் எழுத்துக்காக இத்தனை தாடிகளும் சிலிர்த்துக்கொள்ள வேண்டுமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த நேரம் பார்த்து இவருக்கு இடப்பக்கக் கடைவாயில் வலி. கன்னம் வீங்கியது. கிராம்பு எண்ணெய்க்கு அடங்கவில்லை. பல் பிடுங்கும் சீனர் கடைத்தெருவிலேயே இருந்தார்.

"போய்ப் பிடுங்கிட்டு வாங்க மச்சான்."

"அங்கதான் புள்ள நான் ளாது எடுக்கிறேன். பல்லும் போச்சுன்னா, இமாமுக்கு எழுத்தே வராதுன்னு அந்த ஆலிம் ஊரெல்லாம் சொல்லுவாரு."

ஒருநாள் அந்த ஆலிமே வீடு தேடி வந்தார். திரைக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"ளாதை வலப்பக்கம் எடுத்தாலும் கூடும்னு கிதாபுல இருக்கு. சிரமம்தான், ஆனா கூடும். பல்ல எடுத்துடுங்க."

அவர் படி இறங்கியதும் இவர் சொன்னார்: "ஆழம் பாக்குறாரு. இடப்பக்கம்தான் இலகுன்னு என் உஸ்தாது சொன்னது. இதுல இவர் பேச்சைக் கேட்டா எல்லாத்துலயும் கேட்டதா ஆயிடும்."

வீக்கம் கழுத்துக்கு இறங்கியது. தாடை திறக்காமலே தொழவைக்கப் போனார். ளாது மட்டுமல்ல, எந்த எழுத்தும் வரவில்லையாம், வெறும் முனகல். பின்னால் நின்ற ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை என்று கேட்டபோதுதான் டாக்டருக்கு ஆள் அனுப்பினேன். தாங்கிப் பிடித்துக் கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். உடம்பு கொதித்தது. மூச்சுக்குத் திணறினார். டாக்டர் வருவதற்குள் மவுத்தாகிவிட்டார்.

எங்கள் வாசலில் ஜனாஸா தொழவைத்தவர் அந்த ஆலிம்தான். இரண்டு கட்சியும் தோளோடு தோள் சேர்ந்து நின்றன. ஜனாஸாவில் அல்ஹம்தைச் சத்தம் போட்டு ஓதுவதில்லை, வாய்க்குள்தான். ளாதை அவர் வழியவிட்டாரா, அடைத்தாரா, யார் காதிலும் விழவில்லை. ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது.